பார்வை நேரம் நாலு மணி வரை

மாமிக்கு எதையும் இருந்த இடத்தில் இருக்க விடத் தெரியாது. இந்த வாரம் கட்டில் சுவரோரம் கிடந்தால் அடுத்த வாரம் வாசலுக்கு எதிரே கிடக்கும். அடுப்புக்கு மேலே புதிதாக ஒரு பலகை அடித்திருப்பார். நல்லா இருக்கு மாமி என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் அதைக் கழற்றி இஸ்தோப்பில் செருப்பு வைக்க அடித்துவிடுவார். இஸ்தோப்பு என்றால், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும், அதாவது அறைக்கும், முன்னால் இருக்கும் சின்ன வராந்தா. அதையும் அவர் விட்டு வைக்கவில்லை. பாதியைத் தகரத்தால் அடைத்து, கொஞ்ச நாளில் தகரத்தைப் பிடுங்கிவிட்டுப் பலகை வைத்து, பிறகு பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்.

மாமாவைப் பற்றித் தோட்டம் முழுக்க ஒரு கதை உண்டு. ஒருநாள் பொழுது சாய்ந்து அவர் வேலையிலிருந்து வந்தபோது கரண்ட் இல்லை. கட்டில் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தார். கட்டில் அங்கே இல்லை. இடுப்பில் பத்துப் போட்டுக்கொண்டு கிடந்த மனுசன், "நான் செத்தா என்னையக் கெடத்துற எடத்தையாச்சும் மாத்தாம வை தாயி" என்றாராம். மாமா போய் வெகுகாலம் ஆகிறது. அந்தக் கதையைச் சொல்லி முதலில் சிரிப்பதும் மாமிதான்.

"இருக்குற மாதிரியே இருக்க நாம என்னா கல்லா?" இது மாமி வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரும்.

மாமி என்றால் எனக்குச் சொந்தம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோரும் மாமிதான். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை மூன்று மொழியில் போர்டில் எழுதி வைத்து ஊர் உலகமெல்லாம் படித்துவிட்டது. இங்கேயாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

எங்களுடையது றப்பர் தோட்டம். கண்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இருக்கிறது. மாமி அங்கே பால் வெட்டியவர். பால் வெட்டி முடிந்து மற்றப் பெண்கள் படுத்து எழும்பும் மதிய நேரத்தில் அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பார். சாணி மெழுகிய தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெந்துச் சாக்கைத் தலையில் சுமந்து வந்து, தானே கரண்டி பிடித்துப் பூசினார். பரம்பரை பரம்பரையாக விறகுப் புகை படிந்து கறுத்திருந்த சுவரைச் சவர்க்காரத் தண்ணீரும் தேங்காய் நார்ப் பொச்சும் வைத்துத் தேய்த்தார். ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தார். கடைசியில் சுவர் வெளுத்தது, அவருடைய நகம் கறுத்தது.

அவரால் மாற்ற முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. இருட்டு. மாமியின் காம்பரா லயத்தின் கடைசிக் காம்பரா. வெளிச்சம் வர முன்கதவை விட்டால் வேறு வழியில்லை. பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தில் ஓடை, அதற்கு அப்பால் திறந்த வானம். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்த வந்த ஒவ்வொரு துரையிடமும் மாமி கேட்டார். லயம் கம்பனிச் சொத்து, சுவரில் கை வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு துரையும் சொன்னார். மாமி அசரவில்லை. வரக்காப்பொலயில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, இரண்டு கதவு வைத்த நீல நிற ஜன்னல் ஒன்றைச் சட்டத்தோடு வாங்கி, பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்து, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கட்டில் போகும் இடமெல்லாம் ஜன்னலும் போனது.

பிறகு ஒருவழியாக நல்ல காலம் வந்தது. மேட்டில் எல்லோருக்கும் தனித்தனி வீடு கட்டினார்கள். லயத்துச் சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பால் காய்ச்சிக் குடியேறினார்கள். மாமிக்கும் ஒரு வீடு எழும்பியது. பூச்சு வேலை முடியும் முன்பே மாமி மேடேறிப் போய், அந்த வீட்டு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு வருவார். "மூணு ஜன்னல் புள்ள! எதத் தொறக்குறது, எதச் சாத்துறதுன்னு ரோசன பண்ணிக்கிட்டே காலம் போயிரும் போல" என்று என்னிடம் சொன்னார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் மியூசியம் வந்தது.

தோட்டத்துப் பழைய பால் ஸ்டோரை, அதாவது றப்பர் பாலைத் தகடாக உருட்டிய பழைய தொழிற்சாலையை, நூதனசாலையாக ஆக்கப் போவதாகக் கொழும்பிலிருந்து ஒரு நோனா வந்தார். ஒல்லியான, மிக மரியாதையான சிங்களப் பெண். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கைடு வேலை தந்தவரும் அவர்தான். ஏ.எல். வரை படித்துவிட்டுக் கேகாலையில் ஓர் இங்கிலீஷ் கோர்ஸும் முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு அது பெரிய விஷயம். சனங்கள் போன பிறகு லயத்தை இடித்தார்கள். கடைசிக் காம்பராவை மட்டும் இடிக்கவில்லை. தோட்டத்துச் சனம் எப்படி வாழ்ந்தது என்று வருகிறவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், ஆள் இல்லாத காம்பராவில் உயிர் இல்லை என்று நோனா சொன்னார். வேன் நிறுத்த வசதியான காம்பரா மாமியுடையது. பிள்ளைக்குட்டி இல்லாத தனி ஆள். சிங்களமும் நன்றாகப் பேசுவார். பிடித்துக்கொண்டார்கள்.

"கொஞ்ச நாளைக்கு மட்டும். மியூசியம் நடக்கத் தொடங்கினதும் அம்மா மேட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று நோனா சிங்களத்தில் சொன்னார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "டிக்கக் இன்னகோ அம்மே" என்றார். கொஞ்சம் பொறுங்கம்மா என்று அர்த்தம். மேட்டு வீட்டுச் சாவி மியூசியம் ஆபீஸின் மேசை லாச்சிக்குள் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. காம்பராவைப் பழைய மாதிரி ஆக்க ஆட்கள் வந்தார்கள். பச்சைப் பலகையைப் பிடுங்கினார்கள். சிமெந்துத் தரையைக் கொத்தி அள்ளிவிட்டு, சாணி மெழுகச் சொன்னார்கள். மாமி வெளுக்கத் தேய்த்த சுவரைக் கறுப்பாக்க, உள்ளே ஈர விறகைப் போட்டுக் கதவைச் சாத்திப் புகை பிடித்தார்கள். மாமி வெளியே கைகட்டி நின்று அந்தப் புகையைப் பார்த்தார். "நல்லாப் புடிங்க. மூலையில இன்னும் வெள்ள தெரியுது" என்று ஆட்களிடம் சொன்னார். அவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் விறகு போட்டார்கள்.

கட்டிக்கொள்ள நோனா ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கி வந்தார். மாமி வீட்டில் போடுவது பூப்போட்ட நைட்டி. "எங்கம்மாவே இதக் கட்டுனதில்ல புள்ள. எங்கம்மாவோட அம்மா கட்டியிருந்தா உண்டு" என்று சேலையைப் பிரித்துப் பார்த்தார். டீவியும் ரைஸ் குக்கரும் கேஸ் அடுப்பும் கட்டிலுக்கு அடியில் போயின. ஏற்கெனவே அங்கே ஜன்னல் இருந்தது. நிகழ்காலம் முழுவதும் கட்டிலுக்கு அடியில், மேலே ஒரு கோரைப்பாய். கட்டிலை நகர்த்தக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. தரையில் அதன் கால்களைச் சுற்றி நோனா சோக்கால் வட்டம் போட்டிருந்தார்.

காலையில் மியூசியம் திறந்தால் நாலு மணி வரை காம்பராக் கதவைச் சாத்த முடியாது. ஸ்கூல் பிள்ளைகள் வேனில் வருவார்கள். யானை பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்குவார்கள். கம்பஹாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். நான் இஸ்தோப்பில் நின்று மூன்று மொழியில் மாறி மாறி இது லயம், இது காம்பரா, இது அம்மி என்று சொல்லுவேன். எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்து, எவ்வளவு இருட்டு என்பார்கள். சரியாக நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்கும். உடனே மாமி கண்டாங்கியை அவிழ்த்தெறிந்துவிட்டு நைட்டிக்கு மாறி, டீவியை வெளியே இழுத்து, கேஸைப் பற்றவைப்பார். "இப்பத்தான் எனக்கு விடியுது" என்பார்.

மாமி செய்த முதல் தப்பு, வந்தவர்களை விருந்தாளி என்று நினைத்தது. வீடு தேடி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப எங்கள் சனத்துக்கு மனது வராது. மாமி எல்லாருக்கும் பால் கலக்காத பிளேன்டீ ஊற்றினார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, அதை நக்கி நக்கி டீயைக் குடிக்கக் காட்டிக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் குழந்தைப் பிள்ளைகள் மாதிரிச் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வாரம் இஸ்தோப்பில் புதிய போர்டு வந்தது: தோட்டத்து உபசாரம், தேநீர் டிக்கட்டில் அடங்கும். அன்றிலிருந்து மாமி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் டீ ஊற்றியே ஆக வேண்டும். மத்தியானம் மாமி சோற்றில் கை வைத்தால் அதைப் படம் பிடிக்க நாலு போன் நீளும். நாலு பேர் நிற்கும்போது தான் மட்டும் சாப்பிட மாமிக்குக் கூச்சம். அதனால் சாப்பாடும் நாலு மணிக்குப் பிறகு என்று ஆனது.

ஒரு தடவை நோனா எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக் கொழும்பில் ஒரு பெரிய நூதனசாலைக்குக் கூட்டிப் போனார். நல்ல மியூசியம் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்க்க வேண்டுமாம். மாமி நல்ல சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, டூரிஸ்டாகவே வந்தார். நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மியூசியத்தில் விளக்கம் சொல்லாமல் சும்மா நடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சிம்மாசனம், வாள், வெற்றிலைப் பெட்டி, பல்லக்கு. மாமி ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்றார்.

"இந்தக் கட்டில் யாரோடது புள்ள?"

"யாரோ பெரிய குடும்பத்தோடதாம் மாமி."

"அவங்க இப்ப எங்க?"

"அவங்க செத்து எத்தனையோ தலமொற ஆச்சி."

அடுத்த கண்ணாடி. "இந்த வெத்தலப் பொட்டிக்காரரு?"

"அவரும் போய்ட்டாரு."

இப்படியே மேல்மாடி வரை கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி மண்டபத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "ஆக, இங்க உள்ள சாமானுக்கெல்லாம் சொந்தக்காரவங்க செத்த பொறகுதான் எடுத்து வெச்சிருக்காங்க. என்னைய மட்டும் ஏம்புள்ள இவ்வளவு அவசரமா வெச்சாங்க?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலாளி முறைத்தார். சிரித்து முடித்து மாமி முகத்தைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் மாமி வேனின் முன் சீட்டுக்கு நகர்ந்து போய் நோனாவிடம் நேராகவே கேட்டார். "நோனா, சாவிய எப்ப தருவீங்க?" நோனா திரும்பி, மாமியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவைப் பற்றித்தான் போனில் எழுதுகிறார்கள், அம்மா இல்லாவிட்டால் அது வெறும் சுவர் என்றார். கண் கலங்கச் சொன்னார். பொய்யில்லை. அதுதான் பெரிய கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டலாம், அன்பாகச் சொன்னால் என்ன செய்வது? "டிக்கக் இன்னகோ அம்மே" என்று முடித்தார். மாமி தன் சீட்டுக்கு வந்து, தலையில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு லீவு. செவ்வாய் காலையில் நான் வேலைக்கு வந்து காம்பரா வாசலில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே வெயில்.

பக்கச் சுவரில் நீல ஜன்னல் திறந்து கிடந்தது. கீழே கல்லும் சுண்ணாம்பும் குவியலாகக் கிடந்தன. குவியலில் சுவரை உடைத்த அலவாங்கு சாய்ந்திருந்தது. மாமி தரையில், வெயில் விழும் சதுரத்துக்குள் சரியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஓடைச் சத்தம் காம்பராவுக்குள் கேட்டது. அந்தக் காம்பராவுக்குள் ஓடைச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"மாமி, என்னா வேல செஞ்சிருக்கீங்க?"

"காம்பராவக் கெடுத்துட்டேன் புள்ள" என்றார் மாமி, வாயெல்லாம் பல்லாக. "ஜன்னல் வெச்ச காம்பரா இவங்களுக்கு எதுக்கு? இனி என்னைய வெச்சிருக்க மாட்டாங்க. நீ வேணும்னா பாரு, இன்னைக்கே சாவி வரும்."

நோனா மத்தியானம் வந்தார். நோனா ஜன்னலைப் பார்த்தார். அலவாங்கைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனே அம்மே, ஹரி லஸ்ஸனய்" என்றார். ரொம்ப அழகாக இருக்கிறதாம். மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நோனாவின் தோளுக்கு மேலே தெரிந்த மாமியின் முகம் மெல்ல மெல்லச் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அடுத்த போர்டு பெரியது. மாமியின் பெயரோடு வந்தது. வெளிச்சத்துக்கு ஏங்கிய ஒரு தொழிலாளிப் பெண் தன் கையால் திறந்த ஜன்னல் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கல்லையும் சுண்ணாம்பையும் அள்ள விடவில்லை. அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், அலவாங்கையும் சேர்த்து. கூட்டம் இரண்டு மடங்கானது. எல்லாரும் காம்பராவுக்குள் கொள்ளவில்லை என்று, வெளியே பள்ளத்தின் ஓரமாக ஜன்னலுக்கு நேரே பலகையால் ஒரு மேடை கட்டினார்கள். அங்கே நின்று வரிசையாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காலை முதல் நாலு மணி வரை ஜன்னல் நிறையத் தலைகள். வெயில் உள்ளே வர இடமில்லை. ஜன்னல் வைத்தும் காம்பரா பழையபடி இருட்டாகவே இருந்தது.

"முந்தி ஒரு பக்கந்தான் பாத்தாங்க. இப்ப முதுகையும் பாக்குறாங்க" என்றார் மாமி. அதைச் சொன்ன குரலில் விளையாட்டு இல்லை. ஜன்னலைச் சாத்தலாமா என்று ஆபீஸில் கேட்டேன். பார்வை நேரத்தில் முடியாது என்றார்கள்.

அதற்குப் பிறகு மாமி எதையும் மாற்றப் பார்க்கவில்லை. பேச்சும் குறைந்தது. ஒரு நாள் காலையில் கண்டாங்கியைக் கட்டி, அடுப்புப் பக்கத்தில் இருந்த மணைப் பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. டீ ஊற்றவில்லை. எதிர்ச் சுவரில், அவர்கள் புகை பிடித்துக் கறுப்பாக்கிய சுவரில், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்து இருந்தார். மேலுக்கு முடியவில்லையோ என்று பயந்து தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. நாலு மணிக்குக் கேட் பூட்டும் சத்தம் கேட்டதும் எழும்பி டீவியைப் போட்டார். சத்தமில்லாமல் எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும். வந்தவர்கள் என்னிடம் கிசுகிசுத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? காது கேட்காதா? ஒரு வெள்ளைக்காரி, இது மெழுகு உருவமா என்று கேட்டாள். ஒரு நாள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் பிள்ளை மாமியின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இது போனிக்காவா?" என்றது. பொம்மையா என்று கேட்கிறது. டீச்சர் பதில் சொல்லுமுன் பிள்ளை மாமியின் கன்னத்தில் விரலை வைத்தது. கன்னம் சூடாக இருந்திருக்க வேண்டும். விரலைச் சுட்டுக்கொண்ட மாதிரி இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுதது. ஒரு பிள்ளை அழுதால் மற்றதுகள் சும்மா இருக்குமா? காம்பரா முழுக்க அழுகை. மாமிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். ஆனாலும் கண்ணை அந்தச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. கல்லா நாம என்று கேட்ட மாமி கல்லாக இருந்தார்.

போனில் எழுதுகிறவர்கள் இப்போது வேறு மாதிரி எழுதத் தொடங்கினார்கள். அந்த அறைக்குள் போனால் மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கிறது, போகாதீர்கள் என்று. வேன்கள் குறைந்தன. நோனா ஒரு நாள் வந்து மாமியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். மாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நோனா பெருமூச்சு விட்டு, அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆபீஸுக்குப் போய்ச் சாவியைக் கொண்டு வந்தார். மடியில் கிடந்த மாமியின் கையில் வைத்தார்.

கை மூடியது. அத்தனை நாளில் பார்வை நேரத்தில் நான் பார்த்த முதல் அசைவு அது.

மாமி எழும்பினார். முதலில் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, சோக் வட்டத்திலிருந்து இழுத்து, காம்பராவின் நட்டநடுவில் கோணலாக விட்டார். அடியில் இருந்த டீவியையும் குக்கரையும் கேஸ் அடுப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். நீல ஜன்னலையும் கழற்றித் தருவீர்களா என்று கேட்டார். அது இனி மியூசியத்துக்குச் சொந்தம் என்று நோனா வருத்தத்தோடு சொன்னார்.

நானும் அந்த வேலையில் நிலைக்கவில்லை. கல்யாணமாகிக் கேகாலை டவுனுக்கு வந்துவிட்டேன். போன வருசம் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் றக்வானயிலிருந்து வந்தார்கள். எங்கேயாவது சுற்றிப் பார்க்க வேண்டும், ஏதோ ஒரு றப்பர் மியூசியம் இருக்கிறதாமே என்றார்கள். டிக்கட் எடுத்து, வரிசையில் நின்று, டூரிஸ்டாக உள்ளே போனேன். புதிய கைடு, சின்னப் பெண், நன்றாகப் பேசினாள். காம்பராவில் தோட்டத்தின் கீழ் டிவிஷன் பெண் ஒருத்தி கண்டாங்கி கட்டி, "வாங்க வாங்க, டீ குடிங்க" என்றாள். கட்டில் சோக் வட்டத்துக்குள் திரும்ப வந்திருந்தது. இந்த ஜன்னலைத் தன் கையால் திறந்தவர் இந்த அம்மாதான் என்று கைடு காட்டினாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளங்கையில் வைத்த சீனியை நான் நக்காமல் வாசலில் உதறிவிட்டு வந்தேன்.

மற்றவர்களைப் பால் ஸ்டோரைப் பார்க்க விட்டுவிட்டு நான் மேடேறினேன். மாமி வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையில் சுவருக்கு மஞ்சளும் வாசலுக்கு ஊதாவும் அடித்த வீடு வேறு யாருடையதாக இருக்கும்? ஆனால் மூன்று ஜன்னலும் இறுகச் சாத்தியிருந்தன. நல்ல வெயில் நேரம். ஆள் இல்லையோ என்று நினைத்துக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் மாமி, கைடு புள்ள."

கதவு கொஞ்சமாகத் திறந்து, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்பவும் சாத்தியது. உள்ளே பகலில் ஒரு பல்ப் எரிந்தது. மாமி மெலிந்திருந்தார். என் கன்னத்தைத் தடவி, வீட்டுக்காரரை விசாரித்து, வயிற்றைப் பார்த்து, இன்னும் ஒன்றும் இல்லையா என்று கேலி செய்தார். பிறகு சுவரோரமாகப் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். புழுக்கத்தில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது. எழும்பி ஜன்னல் கொண்டியில் கை வைத்தேன்.

"வேணாம் புள்ள. யாராச்சும் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

"இங்க யாரு மாமி வர்றா? கேட் அங்க கீழ இருக்கு."

"தெரியுது. தெரியாம இல்ல. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது." சுவரில் மாட்டிய மணிக்கூட்டைப் பார்த்தார். "கொஞ்சம் பொறு."

ஜன்னலுக்காகச் சுவரை உடைத்த பெண், மூன்று ஜன்னலையும் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். சாவி கைக்கு வந்து என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். கீழேயிருந்து, வருகிறவர்களுக்கு மைக்கில் ஏதோ சொல்லும் சத்தம் மெலிதாகக் கேட்டது. மாமி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசியதற்கு ம் என்றார், அவ்வளவுதான். தரையைப் பார்த்தேன். சிமெந்தில் கட்டில் கால் இழுபட்ட கீறல்கள், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடின. இது எப்போது நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கீழே கேட் பூட்டும் சத்தம் கேட்டது.

மாமி எழும்பினார். முதல் ஜன்னலைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், அடுப்படிக்குப் போய் மூன்றாவதையும் திறந்தார். காற்று வந்தது. சாய்ந்த வெயில் கட்டில் வரை வந்து விழுந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமி கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். நான் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"ஏம்புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கத்தப் புடி" என்றார்.

பிடித்தேன். கட்டிலைத் தூக்கி ஜன்னலோரமாகப் போட்டோம்.